வெயில் ஏறுவதற்குள் அடுப்பை அணைத்துவிடுங்கள்: தர்மபுரி, கிருஷ்ணகிரிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு கோடைச் சமையல் வழிகாட்டி

தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்த எனக்குக் கேழ்வரகு என்றால் கைக்குழந்தைக்குக் காய்ச்சும் கஞ்சி, அவ்வளவுதான். மூன்று வேளையும் சோறு என்று இருந்தவள், மாற்றலாகி தர்மபுரிக்கு வந்து சேர்ந்தது ஒரு ஏப்ரல் மாதம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடி வீடு. விடுமுறை நாட்களில் உச்சி வெயிலில் குக்கர் வைத்து நான் வேர்த்து வழிவதைக் கீழ் வீட்டு அம்மா இரண்டு வாரம் பார்த்தார். மூன்றாவது வாரம் படியேறி வந்துவிட்டார். "ஏம்மா, இந்த வெயில்ல இந்நேரத்துக்கு யாராவது அடுப்பு பத்த வைப்பாங்களா?"

அவரிடம் கற்றதுதான் கீழே இருப்பதெல்லாம். ஓசூர்ப் பக்கம் தொழிற்சாலை வேலைக்கு வந்து ஒற்றை அறையில் இருப்பவர்கள், மாற்றலாகி வந்த ஆசிரியர்கள், வங்கிக்காரர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாருக்கும் இது உதவும். ஒரு கேஸ் அடுப்பு, ஒரு மிக்சி, கனமான ஒரு குண்டான், ஒரு மத்து, நீளக் காம்புள்ள ஒரு மரத்துடுப்பு. இவை போதும்.

முறை ஒன்றுதான். காலை எட்டு மணிக்குள் அடுப்பு வேலை முடிய வேண்டும். அதற்கப்புறம் கரைப்பது, அரைப்பது, பிசைவது மட்டும். இந்த ஊர்ச் சாப்பாடு அதற்கென்றே அமைந்தது மாதிரி இருக்கிறது.

முதலில் சாமான்

உழவர் சந்தை தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் மூன்று ஊரிலும் உண்டு. விடியற்காலையில் போய்விடுங்கள். ஒன்பது மணிக்குப் போனால் வாடிய கீரையும் அடிபட்ட தக்காளியும்தான் மிச்சம். வாசலில் அன்றைய விலைப் பலகை இருக்கும், அதைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். போச்சம்பள்ளிப் பக்கம் வீடு என்றால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையை விடாதீர்கள். வீட்டுக்கு வேண்டிய அத்தனையும் அங்கேயே முடிந்துவிடும்.

தக்காளிக்கு பாலக்கோடும் ராயக்கோட்டையும் பேர் போனவை. விலை விழுந்தால் விவசாயிகள் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகும் அளவுக்கு விளைகிற ஊர்கள். நாட்டுத் தக்காளி கிடைத்தால் அதையே வாங்குங்கள். புளிப்பு கூடுதல், அதனால் புளி மிச்சம். புளி வாங்குவதற்கும் கோடைதான் சரியான நேரம். இந்த மாவட்டங்களில் சாலை நெடுகப் புளிய மரம்தான். கோடை தொடங்கும்போது புதுப்புளி கடைக்கு வந்துவிடும். வெளுத்திருந்தால் புதுசு, கறுத்திருந்தால் பழசு. ரசத்துக்குப் புதுசு, குழம்புக்குப் பழசு என்பது என் கணக்கு.

கேழ்வரகை இங்கே பெரும்பாலும் ராகி என்றுதான் சொல்கிறார்கள். 2023 முதல் தர்மபுரி மாவட்ட ரேஷன் கடைகளில், விருப்பப்பட்ட அட்டைதாரர்களுக்கு 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ ராகி கொடுக்கும் ஏற்பாடும் வந்தது. பாக்கெட் மாவு வேண்டாம். தானியமாக வாங்கி, முறத்தில் புடைத்து, கல் போக அரித்துக் கழுவி, மொட்டை மாடியில் காயப் போடுங்கள். இந்த வெயிலுக்கு ஒரே நாளில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். பிறகு மாவு மில்லில் கொடுத்து, களிக்கு என்று சொல்லி நைசாக அரைத்து வாங்குங்கள். மில்லிலிருந்து வரும் மாவு கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அப்படியே டப்பாவில் போட்டு மூடினால் உள்ளே வேர்த்துக் கட்டி தட்டும். ஒரு பேப்பரில் பரப்பி, ஆறிய பிறகு டப்பாவில் போடுங்கள். தானியமாக இருந்தால் ராகி வருஷக்கணக்கில் கெடாது. மாவாக்கினால் ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

சாமை நேர் எதிர். உமி நீக்கிய சாமை அரிசி கோடையில் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். அரைக் கிலோ, ஒரு கிலோவாக வாங்கினால் போதும். பென்னாகரம், அரூர்ப் பக்க மலை கிராமங்களில் விளைகிற சாமை கிடைத்தால் அது தனி ருசி.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை

இந்த இரண்டு மாவட்டங்களிலும் பல இடங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை விழுவதும், காலப்போக்கில் எலும்பு பாதிக்கப்படுவதும் அதனால்தான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டதே இதற்காக. 2013-ல் தொடங்கப்பட்டது. வீட்டில் போர் தண்ணீர், காவிரித் தண்ணீர் என்று இரண்டு குழாய் இருந்தால் குடிக்க மட்டுமல்ல, சமைக்கவும் காவிரித் தண்ணீரையே பிடித்து வையுங்கள். கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடத்தான் செய்யும். களியும் கூழும் தண்ணீரைக் குடித்து வேகிற பண்டங்கள், அதனால் இதை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

களி

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடம் பேசுகிறவர்கள் இதை முத்தே என்பார்கள். தெலுங்கு பேசுகிறவர்கள் சங்கட்டி என்பார்கள். தமிழ் பேசுகிறவர்களுக்குக் களி. பண்டம் ஒன்றுதான்.

என் முதல் களி குப்பைக்குப் போனது. தண்ணீர் கொதித்ததும் மாவைக் கொட்டி, ரவை உப்புமா கிளறுகிற மாதிரி உடனே கிளறினேன். வெளியே வழவழ, உள்ளே பச்சை மாவு உருண்டை உருண்டையாக. அதையும் வீம்புக்குத் தின்று வயிறு உப்பி ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. மறுநாள் கீழ் வீட்டு அம்மா பக்கத்தில் நின்றுகொண்டார். மாவைக் கொட்டியதும் என் கை துடுப்புக்குப் போயிற்று. "கிளறாத கண்ணு, அது பாட்டுக்கு வேகட்டும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். களியின் சூட்சுமம் அந்த ஒரு வாக்கியம்தான்.

இரண்டு பேருக்கு அளவு: ராகி மாவு 1 டம்ளர், நொய்யரிசி கால் டம்ளர், தண்ணீர் 3 டம்ளர்.

1. நொய்யைக் கழுவி இருபது நிமிடம் ஊற வையுங்கள். குண்டானில் 3 டம்ளர் தண்ணீர் கொதித்ததும் நொய்யைப் போட்டு, ஒரு சிட்டிகை உப்புப் போடுங்கள்.

2. நொய் குழைய வேண்டும். பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். குழைந்த பிறகும் மேலே கஞ்சித் தண்ணீர் நிற்க வேண்டும். அதில் அரை டம்ளர் மொண்டு தனியே வைத்துக்கொள்ளுங்கள். களி இறுகிப் போனால் இதுதான் காப்பாற்றும்.

3. தீயைக் குறைத்து, மாவை நடுவில் குன்று மாதிரி ஒரே இடத்தில் கொட்டுங்கள். பரப்பாதீர்கள், கிளறாதீர்கள். துடுப்புக் காம்பை நடுவில் அடிவரை விட்டு ஒரு குழி போடுங்கள். அந்தக் குழி வழியாகக் கொதி மேலே வந்து, மாவை ஓரத்திலிருந்து நனைத்துக்கொண்டே வரும். அரைவாசி மூடி, ஆறேழு நிமிடம் சிறு தீயில் விடுங்கள்.

4. இறக்குங்கள். அடுப்பு மேலேயே கிண்டினால் குண்டான் ஓடும், கையும் சுடும். தரையில் பிரிமணையோ மடித்த கோணியோ போட்டு அதன் மேல் வைத்து, ஒரு துணியால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கிண்டுங்கள். சுற்றிக் கிண்டுவதைவிட, மாவை எடுத்துக் குண்டானின் பக்கத்தில் அழுத்தித் தேய்ப்பதுதான் முக்கியம். கட்டி உடைவது அதில்தான். இறுகினால் எடுத்து வைத்த கஞ்சியைக் கரண்டி கரண்டியாக விடுங்கள். மொத்தமாக ஊற்றினால் களி கூழாகிவிடும்.

5. மறுபடி மிகச் சிறு தீயில் மூடி இரண்டு மூன்று நிமிடம். ஈரக் கையால் தொட்டால் ஒட்டக் கூடாது. பச்சை மாவு வாடை போய் வறுத்த தானிய வாசனை வர வேண்டும். நிறமும் சாம்பலிலிருந்து கறுஞ்சிவப்புக்கு மாறியிருக்கும்.

6. தட்டில் தண்ணீர் தெளித்து, கையை நனைத்துக்கொண்டு உருட்டுங்கள்.

இனி சாப்பிடுகிற விதம். களியை மெல்லுகிறவர் வெளியூர்க்காரர் என்று பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஒரு நெல்லிக்காய் அளவு கிள்ளி, கட்டை விரலால் நடுவில் குழி செய்து, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டும், ருசியும் தெரியாது. எனக்குப் பழக ஒரு மாதம் ஆனது. இப்போது காலை எட்டரைக்கு ஓர் உருண்டை உள்ளே போனால் மத்தியானம் இரண்டு மணி வரை பசி எட்டிப் பார்ப்பதில்லை. மத்தியானம் மோர் மட்டும் போதும் என்று ஆகிவிட்டது.

தொட்டுக்கொள்ள மூன்று

கோடைக்குக் கீரைக் கடைசல் முதல். அரைக்கீரையோ சிறுகீரையோ ஒரு கட்டு, நாட்டுத் தக்காளி இரண்டு, சின்ன வெங்காயம் பத்து, பூண்டு ஐந்து பல், பச்சை மிளகாய் நான்கு, அரை ஸ்பூன் சீரகம், வேகவைத்த துவரம் பருப்பு ஒரு கைப்பிடி. எல்லாவற்றையும் ஒரு மண்சட்டியில் போட்டு ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு, மூடாமல் எட்டு நிமிடம் வேக விடுங்கள். மூடினால் கீரை கறுக்கும். வெந்த தண்ணீரை வடித்து வைத்துக்கொண்டு மத்தால் கடையுங்கள். மிக்சியில் போட்டால் பச்சைச் சாயம் கரைத்த மாதிரி ஆகிவிடும், வேண்டாம். கடைந்த பிறகு உப்பு, தேவையான அளவுக்கு அந்தத் தண்ணீர், கடைசியில் கடுகும் காய்ந்த மிளகாயும் தாளிப்பு. கீரை கிடைக்காத நாளில் முருங்கைக் கீரைதான் கதி. வெயில் கொளுத்தினாலும் துளிர்க்கிற மரம் அது, யார் வீட்டு வேலியிலாவது நிற்கும். கேட்டால் ஒடித்துக் கொடுப்பார்கள். ஆனால் முருங்கைக் கீரை கடையப் படியாது, பருப்போடு கூட்டாக வையுங்கள்.

இரண்டாவது, கடலைச் சட்னி. நிலக்கடலை இரண்டு கைப்பிடி வறுத்துத் தோல் நீக்கி, காய்ந்த மிளகாய் ஆறு, பூண்டு மூன்று பல், சின்ன வெங்காயம் நான்கு, கொஞ்சம் புளி, உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரையுங்கள். மாங்காய்க் காலத்தில் புளியை விட்டுவிட்டு நான்கு துண்டு மாங்காய் போடுங்கள். களிக்கு இதைவிடப் பொருத்தமான சட்னி எனக்குத் தெரிந்து இல்லை. கடலையை ஞாயிற்றுக்கிழமையே ஒரு வாரத்துக்கு வறுத்து டப்பாவில் போட்டுவிட்டால், வார நாட்களில் இதற்கு அடுப்பே வேண்டாம்.

மூன்றாவது பச்சைப்புளி ரசம். வெயில் காலத்துக்கு இதைக் கண்டுபிடித்தவருக்குக் கோயில் கட்டலாம். எலுமிச்சை அளவு புளியை மூன்று டம்ளர் தண்ணீரில் ஊற வைத்துக் கரைத்து வடிகட்டுங்கள். காய்ந்த மிளகாய் நான்கை நெருப்பில் காட்டிச் சுட்டுக்கொள்ளுங்கள், அடுப்பு வேலை அந்த அரை நிமிடம்தான். இனி ஒரு பாத்திரத்தில் பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், சுட்ட மிளகாய், தட்டிய பூண்டும் சீரகமும், கறிவேப்பிலை, கொத்தமல்லி, கல்லுப்பு எல்லாம் போட்டு வெறுங்கையால் நன்றாகப் பிசையுங்கள். வெங்காயம் நீர் விட்டு, மிளகாய் நொறுங்கி, வாசனை கிளம்பும். அதில் புளித் தண்ணீரை ஊற்றி, சுண்டைக்காய் அளவு வெல்லம் போட்டால் முடிந்தது. கொதிக்க வைப்பதும் இல்லை, தாளிப்பதும் இல்லை. பிசைந்த கையோடு கண்ணைத் தொடாதீர்கள். இந்த ரசம் கொதிக்காதது என்பதால் குடிக்கிற தண்ணீரையே ஊற்றுங்கள். மத்தியானம் செய்தால் இரவுக்குள் தீர்த்துவிடுங்கள்.

கொள்ளு எங்கே என்று சிலர் கேட்பீர்கள். கொள்ளுக் கடைசலும் களியும் நல்ல ஜோடிதான். ஆனால் கொள்ளு உடம்புக்குச் சூடு என்று இங்கே கோடையில் பல வீடுகளில் ஒதுக்கி வைக்கிறார்கள். மழைக்காலம் வரட்டும்.

கூழ்

களிக்குக் கை பழகும் வரை கூழ் போதும், இதில் தப்பாகப் போவது கஷ்டம். ஆனால் முந்தின இரவே முன்யோசனை வேண்டும். இன்று இரவு ஒரு டம்ளர் ராகி மாவை இரண்டு டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து மூடி வையுங்கள். இந்த வெயிலுக்குக் காலையிலேயே புளித்திருக்கும், மேலே சிறு சிறு நுரை நிற்கும். காலையில் கால் டம்ளர் நொய்யை நான்கு டம்ளர் தண்ணீரில் குழைய வேகவைத்து, புளித்த மாவை ஒரு கையால் ஊற்றிக்கொண்டே மறு கையால் கிளறுங்கள். சிறு தீயில் பதினைந்து நிமிடம். கொப்புளம் கொப்புளமாக வெடித்துத் தெறிக்கும், தள்ளி நின்று கிளறுங்கள். பளபளப்பு வந்தால் வெந்துவிட்டது. மண்பானையில் மாற்றி ஆற விடுங்கள்.

மத்தியானமே குடிக்கலாம், மறுநாள் காலை இன்னும் நன்றாக இருக்கும். ஒரு கரண்டி கூழை எடுத்து, மோரும் உப்பும் விட்டுக் கையால் கரைத்து, நறுக்கிய சின்ன வெங்காயம் போட்டுக் குடியுங்கள். கடித்துக்கொள்ள மோர் மிளகாய், உப்பு மிளகாய்த்தூள் தடவிய மாங்காய்க் கீற்று. கருவாடு சாப்பிடுகிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்! பானையில் இருப்பதில் மோரைக் கலந்து வைக்காதீர்கள். குடிக்கும்போது மட்டும் கலந்தால் பானைக் கூழ் ஒரு நாள் கூடுதலாகத் தாங்கும். நூல் விட்டாலோ, புளிப்பு வாசனை மாறி நாற்றம் அடித்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

சாமைத் தயிர்ச்சாதம்

சோறு இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு. ஒரு டம்ளர் சாமையைக் கல் போக அரித்து, அரை மணி நேரம் ஊற வைத்து, மூன்று டம்ளர் தண்ணீரில் திறந்த பாத்திரத்தில் வேகவையுங்கள். பதினைந்து நிமிடம். குக்கர் வேண்டாம், கண் அசந்தால் பசையாகிவிடும். சூட்டோடு ஒரு டம்ளர் பால் விட்டு மசித்து, ஆறிய பிறகு இரண்டு ஸ்பூன் தயிர் மட்டும் போட்டுப் பிசைந்தால் மத்தியானத்துக்குள் அதுவே உறைந்து, புளிக்காத தயிர்ச்சாதம் ஆகியிருக்கும். சாமை ஆற ஆற இறுகும், அதனால் டப்பாவில் கட்டும்போது தளர்வாகவே இருக்கட்டும்.

மாங்காயும் மாம்பழமும்

கிருஷ்ணகிரிக்கு வந்துவிட்டு மாம்பழத்தைப் பற்றிப் பேசாமல் போக முடியாது. கோடை வந்துவிட்டால் செந்தூரா, பங்கனப்பள்ளி, மல்கோவா, அல்போன்சா என்று வண்டி வண்டியாக வரும். நீலம் கடைசியில் வரும். கிளிமூக்கு மாதிரி வளைந்திருப்பது பெங்களூரா. மாம்பழக்கூழ் ஆலைகளுக்கு அதிகம் போவது அதுதான். காயாகச் சமைக்கவும் எனக்கு அதுவே பிடிக்கும், சதை கெட்டி, புளிப்பு அளவானது.

காயை வாங்கி வந்ததும் காம்பைக் கிள்ளி, காம்புப் பக்கம் கீழே இருக்கும்படி தண்ணீரில் அரை மணி நேரம் போட்டுவிடுங்கள். அந்தப் பால் பட்டால் உதடு வெந்துபோகும். எனக்கு ஒரு முறை மூன்று நாள் காரம் எதுவும் சாப்பிட முடியவில்லை.

ஆந்திர எல்லை ஓரத்து வீடுகளில் வைக்கும் மாங்காய்ப் பருப்பு பத்து நிமிட வேலை. அரை டம்ளர் துவரம் பருப்பை மஞ்சள் தூளோடு வேகவைத்து, தோலோடு நறுக்கிய மாங்காய், கீறிய பச்சை மிளகாய் ஐந்து, உப்பு போட்டு மாங்காய் குழையும் வரை கொதிக்க விட்டு, பூண்டு தட்டிப் போட்டுத் தாளியுங்கள். சோற்றுக்கும் சரி, களிக்கும் சரி.

பழத்துக்கு, கல் போட்டுப் பழுக்க வைத்தது வேண்டாம். கால்சியம் கார்பைடு கொண்டு பழுக்க வைப்பது சட்டப்படி தடை. ஒரே மாதிரி மஞ்சளாக இருந்து, காம்போரத்தில் வாசனையே இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். முற்றிய காயாக வாங்கி, வைக்கோலிலோ கோணிப்பையிலோ அடுக்கி, ஒன்றை ஒன்று அழுத்தாமல் வையுங்கள். நாலைந்து நாளில் அறை முழுக்க மணக்கும்.

மிஞ்சிய களி

கடைசியாக இது. களி எப்படியும் ஓர் உருண்டை மிஞ்சும். ஃப்ரிட்ஜில் வைத்தால் செங்கல் ஆகிவிடும். இரவு ஒரு மண்சட்டியில் உருண்டையைப் போட்டு, அது மூழ்கத் தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள். காலையில் அந்தத் தண்ணீரோடு சேர்த்துக் கையால் பிசைந்து கரைத்து, மோரும் உப்பும் வெங்காயமும் போட்டால் கூழ் தயார். அன்று காலை அடுப்பே பற்ற வைக்க வேண்டாம். நான் இப்போதெல்லாம் வேண்டுமென்றே இரண்டு உருண்டை கூடுதலாகக் கிண்டுகிறேன். ஒன்று எனக்கு, ஒன்று கீழ் வீட்டு அம்மாவுக்கு. வயசாகிவிட்டது, அவரால் இப்போது துடுப்புப் பிடிக்க முடிவதில்லை. இருந்தாலும் சட்டியைத் திறந்ததும் உருண்டையை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு நிமிஷம் புழுங்க விட்டிருக்கணும்" என்று சொல்லாமல் இருக்க மாட்டார்.